எட்டில் மூன்று பங்கு மேகம்

போன மழையைப் பற்றிக் கேட்பதென்றால் கீழ்த்தளம். வரப்போகிற மழையைப் பற்றிக் கேட்பதென்றால் மேல்மாடி. வானிலை அலுவலகத்தின் வாசலிலேயே இப்படி எழுதிப் போட்டிருந்தார்கள். மாடிப்படியில் ஆட்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். கீழ்த்தளத்தில் ஈ காக்கை இல்லை. நடந்து முடிந்ததைப் பற்றி யாருக்கு என்ன அக்கறை என்று ஊசி நினைத்தாள். நினைத்த கையோடு பக்கத்தில் நின்ற புருஷனைப் பார்த்தாள். இதோ நிற்கிறாரே ஒருத்தர், அந்த அக்கறை மொத்தத்தையும் தனியாளாகக் குத்தகைக்கு எடுத்தவர்.

ஊசி என்பது அவள் பெயரல்ல. பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். வாயும் கொஞ்சம் அப்படித்தான். தெருவில் யாரோ வேடிக்கையாக வைத்தது, இப்போது மின்சாரக் கணக்கெடுக்க வருகிறவர்கூட "ஊசியம்மா" என்று மரியாதை சேர்த்துக் கூப்பிடும் அளவுக்கு நிலைத்துவிட்டது. அவள் புருஷனை எல்லோரும் டிரைவர் என்பார்கள். அவர் பஸ் ஓட்டுவதை விட்டு நாலு வருஷம் ஆகிறது. டிப்போவிலேயே உதிரி பாகங்கள் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, கேட்கிறவர்களுக்கு நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிறார். ஆனாலும் டிரைவர்தான்.

அந்த விபத்து நடந்தது கோடை முடிகிற நாட்களில், ஒரு சாயங்காலம். கிடங்குச் சாலை மேற்கே பார்த்து நூல் பிடித்த மாதிரி போகும். அதில் பஸ் போய்க்கொண்டிருந்தது. அதற்கு முன்னால், அதே திசையில், சைக்கிளில் ஒரு சாவிக்காரர். தெருத்தெருவாகப் போய் சாவி வெட்டிக் கொடுப்பவர், தொலைத்தவர்களுக்குப் பூட்டைத் திறந்து கொடுப்பவர். சைக்கிள் கைப்பிடியில் வளையம் வளையமாகச் சாவி தொங்கும். அவர் ஓரத்திலிருந்து நடுச்சாலைக்கு வந்தாரா, பஸ் நடுச்சாலையிலிருந்து ஓரத்துக்குப் போனதா, யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அந்த நேரம் பார்த்துத் தூங்கிக்கொண்டோ, சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டோ இருந்திருக்கிறார்கள். டிரைவருக்கே தெரியாது. அவர் கண்ணில் எதுவும் நிற்கவில்லை. காதில்தான் நின்றது. முதலில் ஒரு மோதல் சத்தம். அப்புறம், தார் ரோடு முழுக்கச் சாவி கொட்டுகிற சத்தம். அது ரொம்ப நேரம் கொட்டியது என்பார்.

சாவிக்காரருக்கு உறவென்று ஓர் அக்கா மட்டும்தான். ஆஸ்பத்திரி நடையில் அந்த அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டிரைவர் அவர் காலடியில் போய் உட்கார்ந்துவிட்டார். பேசவும் வரவில்லை, எழுந்திருக்கவும் வரவில்லை. ஊசி பின்னால் நின்று அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டிருந்தாள், விட்டால் தரைக்குள் போய்விடுவார் போல. அக்கா எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் கழித்து வாயைத் திறந்தார்.

"கண்ணுல வெயில் பட்டிருக்கும். சாயங்கால வெயில். என்ன பண்றது."

அவ்வளவுதான். கூட வந்திருந்த டிப்போ மேலாளர் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். மறுநாள் அது, 'ஓட்டுநரின் கண்ணில் வெயில் பட்டதால் நேர்ந்த விபத்து' என்று கோப்பில் ஏறியது. இறந்தவரின் சொந்த அக்காவே சொன்ன பிறகு மற்றவர்கள் பேச என்ன இருக்கிறது? கோப்பை மூடி, கயிறு கட்டி, அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

மூடாதவர் டிரைவர் மட்டும்.

"பட்டிருக்கும்னுதானே சொன்னாங்க," என்பார், சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே. "பட்டுச்சுன்னு சொல்லலையே."

"அதை அவங்க எப்படிச் சொல்லுவாங்க? நீங்கதான் சொல்லணும்."

"எனக்குத்தான் தெரியலையே."

அந்த 'இருக்கும்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள்தான் அவர்கள் நாலு வருஷமாகக் குடித்தனம் நடத்தினார்கள். சுவர் இருந்தது, கூரை இருந்தது, பிடிமானம் மட்டும் இல்லை. டிரைவரின் கணக்கு ரொம்ப எளிது. அந்த அம்மா என்னை மன்னித்தார்கள். சும்மா மன்னிக்கவில்லை, ஒரு காரணத்தை வைத்து மன்னித்தார்கள். அந்தக் காரணம் பொய் என்றால் மன்னிப்பை வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

"மன்னிப்பு என்ன வாடகை சைக்கிளா, திருப்பிக் கொண்டுபோய் நிறுத்தறதுக்கு?" என்று ஊசி கேட்டாள். அவர் சிரித்தார். அன்றைக்கும் தூங்கவில்லை.

வருஷா வருஷம் அதே தேதியில், அதே நேரத்துக்கு, கிடங்குச் சாலைக்குப் போய் நிற்பார். சூரியன் அந்தச் சாலைக்கு நேர் எதிரே இறங்குவது வருஷத்தில் கொஞ்ச நாட்கள்தான். அது கண்ணில் படுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். முதல் வருஷம் மழை; குடையோடு நின்று நனைந்து வந்தார். அடுத்த வருஷம் வெயில் அடித்தது. அப்படியே கண்ணில் இறங்கி, எதிரே வந்த லாரிகூடத் தெரியாமல் ஓரத்துக்கு ஓடியிருக்கிறார். வீட்டுக்கு வந்து, "படுதுடி ஊசி! ஒண்ணுமே தெரியல!" என்று லாட்டரி விழுந்தவர் மாதிரி குதித்தார். அந்தச் சந்தோஷம் படுக்கை விரிக்கும் வரைதான். "ஆனா அது இந்த வருஷத்து வெயிலு," என்று போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. இந்த வருஷம் போனபோது சாலையின் கோடியில் புதிதாகப் பெரிய கிடங்கு ஒன்றைக் கட்டி எழுப்பியிருந்தார்கள். இனி அந்தச் சாலையில் சூரியன் எவர் கண்ணிலும் விழாது. சுவர்தான் விழும்.

அப்புறம்தான் யாரோ வானிலை அலுவலகத்தைப் பற்றிச் சொன்னார்கள். எந்தத் தேதியைச் சொன்னாலும் அன்றைய வெயில், மழை, காற்று, சூரியன் எழுந்தது, விழுந்தது எல்லாம் எழுதி வைத்திருப்பார்கள், கேட்டால் முத்திரை குத்திக் கொடுப்பார்கள் என்று.

"வெயில்னு இருந்தா?" என்று ஊசி கேட்டாள்.

"இருந்தா இத்தோட விட்டுடறேன். உன் மேல சத்தியமா."

"மேகம்னு இருந்தா?"

"அக்கா வீட்டுக்குப் போய்ச் சொல்லிடுவேன்."

அதனால்தான் ஊசி தைக்க வேண்டிய துணியை எல்லாம் போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். வெயில் என்றிருந்தால் புருஷன் தூங்குவார். மேகம் என்றிருந்தால், ஓர் அம்மா பெருந்தன்மையாகச் சொன்ன ஒரு வார்த்தையை அந்த அம்மா மூஞ்சியிலேயே விட்டெறிந்துவிட்டு வந்து, சாகும்வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். அவளுக்கு வேண்டியது வெயில்.

கீழ்த்தளத்து மேஜையில் எழுத்தர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடப்பக்கம் ஒரு வாளி. கூரையிலிருந்து அதில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. வானிலை அலுவலகம் ஒழுகுவதைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஊசியின் நாக்கு துடித்தது. காரியம் ஆகவேண்டியிருந்ததால் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு மழையான்னு கேக்காதீங்க. அது மாடியில," என்றார் எழுத்தர், தலையை நிமிர்த்தாமல்.

"பழசுதான் சார்."

"அப்ப உக்காருங்க. எதுக்காக வேணும்? காப்பீடா, கோர்ட்டா, வீட்டுச் சண்டையா?"

"வீட்டுச் சண்டைக்கெல்லாமா வருவாங்க?"

"அதுக்குத்தான் நிறைய வர்றாங்க. போன மாசம் ஒருத்தர். மாமியார் வாசல்ல வழுக்கி விழுந்தாங்களாம். மழையில வழுக்குச்சுன்னு இவர், மருமகன் எண்ணெய் ஊத்தினான்னு அவங்க. நான் என்ன பண்ணுவேன், அன்னைக்கு ஒரு பொட்டு மழை இல்ல."

டிரைவர் தேதியைச் சொன்னார். அடையாள அட்டையின் நகல் வேண்டும் என்றார் எழுத்தர். அதை எடுக்க டிரைவர் எதிர்க்கடைக்குப் போனதும் ஊசி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சார், ஒரு உதவி. அன்னைக்கு எது இருந்தாலும் சரி, வெயில்னு போட்டுக் குடுத்துடுங்க."

எழுத்தர் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, நான் சூரியனுக்குக் கீழ வேலை பாக்கறவன். மேலதிகாரி இல்ல."

"யாருக்கும் நஷ்டம் இல்ல சார். அவரு ஒரு மனுஷனாத் தூங்கி எழுந்திருப்பாரு, அவ்வளவுதான்." விஷயத்தை நாலு வரியில் சொன்னாள். எழுத்தர் கேட்டுக்கொண்டிருந்தார். வாளியில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

"முதல்ல என்ன இருக்குன்னு பாப்போம்மா," என்று எழுந்து உள்ளே போனார்.

டிரைவர் திரும்பி வரவும் அவர் வெளியே வரவும் சரியாக இருந்தது. கையில் நீளமான ஓர் அட்டையும் தடித்த ஒரு பதிவேடும். அட்டையை மேஜையில் வைத்தார். அதில் பழுப்பாக ஒரு கோடு, நெருப்பால் இழுத்த மாதிரி.

"மொட்டைமாடியில ஒரு கண்ணாடி உருண்டை இருக்கு. வெயில் அது வழியா வந்து இந்த அட்டையைச் சுடும். மேகம் வந்தா சுடாது. கோடு இருக்கற வரைக்கும் வெயில்."

ஊசி குனிந்து பார்த்தாள். காலையில் கோடு நல்ல தையலாகத் தொடங்கி ஓடியது. மத்தியானத்துக்குமேல் நூல் அறுந்து அறுந்து, கற்றுக்குட்டி தைத்த மாதிரி போயிற்று. சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. அதற்கப்புறம் வெறும் அட்டை.

"நின்னுடுச்சே," என்றார் டிரைவர். குரலே இல்லை.

"அது தினமும் அங்கதாங்க நிக்கும். சாயற வெயிலுக்குச் சுடற தெம்பு இல்ல."

"அப்ப வெயில் இருந்தாலும் கோடு விழாது?"

"விழாது."

"இல்லாட்டியும் விழாது?"

"இல்லாட்டி எப்படிங்க விழும்?"

டிரைவர் அந்த வெறும் பகுதியை விரலால் தடவிப் பார்த்தார். எழுத்தர் தடுக்கவில்லை. பதிவேட்டைத் திறந்து அந்த நாளுக்கு வந்தார். வெப்பம், காற்று, ஈரம், சூரியன் எழுந்த நேரம், விழுந்த நேரம், எல்லாம் அச்சடித்த மாதிரி வரிசையாக இருந்தன.

"இதோ பாருங்க," என்று ஊசி பாய்ந்தாள். "சூரியன் மறைஞ்ச நேரம் எழுதியிருக்கே. பாத்திருந்தாத்தானே எழுதியிருப்பாங்க?"

"அது பாத்து எழுதறது இல்லம்மா, கணக்குப் போட்டு எழுதறது. யாரும் பாக்கலைன்னாலும் அது அந்த நேரத்துக்குப் போயிடும்." எழுத்தர் விரலைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "சாயங்காலம் வானத்தைப் பாத்து எழுதினது இது. நீங்க சொல்ற நேரம்தான். மேகம், எட்டில் மூணு."

"அப்படின்னா?"

"வானத்தை எட்டுப் பங்கா வச்சுக்குவோம். அதுல மூணு பங்கை மேகம் மறைச்சிருந்துச்சு."

டிரைவர், ரொம்பப் பணிவாக, உதிரி பாக ஜன்னலுக்கு வந்து ஒரு சின்னத் திருகாணி கேட்கிறவன் மாதிரி கேட்டார்.

"அந்த மூணு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

எழுத்தர் பதிவேட்டைப் பார்த்தார். அதில் இல்லை என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் பார்த்தார்.

"எந்தப் பக்கம்னு எழுதற வழக்கம் இல்லைங்க. எத்தனை பங்குன்னு மட்டும்தான்."

"மேற்கயா, கிழக்கயான்னு—"

"இல்லைங்க."

"எழுதினவரு?"

"மாத்தலாகிப் போயிட்டாரு. கேட்டாலும் என்ன ஞாபகம் இருக்கும்? நாங்க வாழ்க்கை முழுக்க அண்ணாந்து பாத்துட்டே இருக்கறவங்க."

ஊசி விடவில்லை. "மூணு போனா மிச்சம் அஞ்சு. அஞ்சு பங்கு வெறும் வானம். மூணைவிட அஞ்சு பெருசு. ஊர் உலகத்துல இப்படித்தான் ஜெயிச்சவங்க யாருன்னு சொல்றாங்க. வெயில்தான்!"

எழுத்தர் சிரித்துவிட்டார். டிரைவர் சிரிக்கவில்லை. எழுத்தர் அந்த வரியை ஒரு தாளில் எழுதி, முத்திரை குத்தினார். நீட்டும்போது ஊசியின் பக்கம் திரும்பி, மன்னித்துக்கொள் என்கிற மாதிரி லேசாகத் தலையாட்டினார்.

வெளியே வந்ததும் டிரைவர், "போலாம்," என்றார்.

"வீட்டுக்குத்தானே?"

"அக்கா வீட்டுக்கு."

"மேகம்னு இருந்தாத்தானே போறதாச் சொன்னீங்க? மேகம்னு எங்க இருக்கு?"

"வெயில்னும் இல்லையே."

"அங்க போய் என்னன்னு சொல்லுவீங்க?"

"தெரியலைன்னு சொல்லுவேன்."

"அருமை. நாலு வருஷம் கழிச்சு ஒரு ஆள் கதவைத் தட்டி, எனக்கு ஒண்ணும் தெரியலைன்னு சொல்லிட்டுப் போனா, அந்தம்மா உங்களுக்கு மாலை போடுவாங்க."

"நீ வீட்டுக்குப் போ ஊசி."

அவள் போகவில்லை. அவர் பின்னாலேயே நடந்தாள், திட்டிக்கொண்டேதான் நடந்தாள்.

அக்கா ஒரு காகிதக் கடைக்கு மேலே, ஒற்றை அறையில் இருந்தார். கதவு திறந்தே கிடந்தது. அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் துணி தேய்த்துக் கொடுப்பது அவர் தொழில். அறையில் ஒரு பக்கம் கசங்கியது மலையாக, மறு பக்கம் தேய்த்தது அடுக்காக. நடுவில் மேஜையும் அக்காவும் போகக் காலி இடம் என்று பெரிதாக இல்லை. அவர்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. வா என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. ஒரு நாற்காலியின்மேல் கிடந்த துணிகளை எடுத்து வேறிடத்தில் வைத்தார். அதில் ஊசி உட்கார்ந்தாள். டிரைவர் நின்றார்.

"அக்கா, ஆஸ்பத்திரில நீங்க என்கிட்ட ஒண்ணு சொன்னீங்க," என்று தொடங்கினார். நாலு வருஷமாக ஒத்திகை பார்த்தது எல்லாம் சாலையில் கொட்டிப்போன மாதிரி, ஒன்று கிடைத்தால் ஒன்று கிடைக்காமல், பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னார். வெயில் என்றார். எட்டில் மூணு என்றார். "என் கண்ணுல வெயில் பட்டிருக்கும்னு நீங்க பெரிய மனசு பண்ணிச் சொன்னீங்க. ஆனா பட்டுச்சான்னு எனக்குத் தெரியலக்கா. அதை வாங்கி வச்சுக்க எனக்குத் தகுதி இல்லக்கா."

அக்கா ஒரு சட்டைக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்க்கிற கை நின்றது.

"என்னப்பா சொல்ற? உன் கண்ணுலயா?"

"ஆமாக்கா. நீங்கதானே..."

"உன் கண்ணைப் பத்தி நான் எப்பப்பா சொன்னேன்?" துணி கருகும் வாசனை வரவும் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தினார். "என் தம்பி கண்ணுலன்னு சொன்னேன்."

கீழே கடையில் யாரோ பேரம் பேசுவது கேட்டது.

ஊசி அந்த வாக்கியத்தை மனசுக்குள் பிரித்துப் பார்த்தாள். கண்ணுல வெயில் பட்டிருக்கும். அதில் கண் இருந்தது, வெயில் இருந்தது. யாருடையது என்பது மட்டும் இல்லவே இல்லை. யாருக்கோ தைத்ததை எடுத்து இவர் மாட்டிக்கொண்டு, நாலு வருஷமாக அக்குளில் பிடிக்கிறது, கழுத்தில் இறுக்குகிறது என்று அழுதிருக்கிறார். பக்கத்திலேயே நின்ற தையல்காரிக்கும் அளவு தெரியவில்லை.

"உன்னப் பத்தி நான் அப்ப நெனைக்கவே இல்லப்பா," என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. "காலடியில எவனோ உக்காந்திருக்கான்னு தெரியும். நீதான்னுகூட அப்புறம்தான் சொன்னாங்க. எனக்கு அவன் நெனப்புதான். தொப்பி வாங்கிக் குடுத்தேம்மா அவனுக்கு." இது ஊசியைப் பார்த்து. "முன்னாடி நீட்டிட்டு இருக்குமே, அந்த மாதிரி. போட மாட்டான். போட்டா முடி கொட்டுதாம். தலையில இருக்கறதே வேண்டாவெறுப்பா நாலு முடி. அன்னைக்கும் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். மேற்க போற, வெயில் கண்ணைக் குத்தும், போட்டுட்டுப் போடான்னு. 'போக்கா, உனக்கு வேற வேலை இல்ல'ன்னு போனான். கண்ணு கூசியிருக்கும். தெரியாம நடு ரோட்டுக்குப் போயிருப்பான். பின்னாடி வர்றவன் என்ன பண்ணுவான்?"

டிரைவர் கையிலிருந்த தாளை மடித்தார், பிரித்தார்.

"தினம் திட்டறேன் அவனை," என்றார் அக்கா. "இன்னைக்குக் காலையிலகூட. காபி ஆத்தறப்ப. ஒரு தொப்பியைப் போட்டிருந்தா இருந்திருப்பியேடா, உன்னாலதானே நான் இப்படித் தனியாக் கெடக்கேன்னு. செத்தவனைத் திட்டறது பாவம்னு தெரியும். திட்ட எனக்கு வேற யாரு இருக்கா?"

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டிரைவரின் கையில் இருந்த தாள் அவர் கண்ணில் பட்டது.

"அதுல என்ன போட்டிருக்கு? அன்னைக்கு வெயில் இருந்துச்சாமா?"

ஊசிக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. அவள் எதைத் தேடி அந்த ஒழுகுகிற அலுவலகத்துக்குப் போனாளோ அது இங்கே, இந்தத் துணி மூட்டைகளுக்கு நடுவே, கேட்காமலே கிடைத்துவிட்டது. தப்பு பஸ்ஸுடையது அல்ல. போடாத ஒரு தொப்பியுடையது. சொல்ல வேண்டியவரே சொல்லிவிட்டார். இனி டிரைவர், ஆமாக்கா என்றால் போதும். ஆமா என்றுகூட வேண்டாம். அவருக்குத்தான் உண்மையிலேயே தெரியாதே, தெரியலக்கா என்றால் போதும். சொல்லுங்க, என்று அவள் புருஷனின் முதுகைப் பார்த்து மனசுக்குள் மன்றாடினாள். உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரே வார்த்தை அதுதானே, சொல்லித் தொலைங்களேன்.

"மேகம்க்கா," என்றார் டிரைவர்.

அக்கா நிமிர்ந்தார்.

"எட்டுல மூணு பங்கு. மூணும் மேற்கதான். வெயிலே இல்லக்கா அந்த நேரத்துல."

"அப்ப அவன் கண்ணு கூசல?"

"இல்லக்கா."

"அவன் நேராத்தான் போனானா?"

"ஓரமா, நேராத்தான் போனாரு. நான்தான் பாக்கல."

அக்கா அவரை நம்பவில்லை. அல்லது நம்பப் பயந்தார். ஊசியின் பக்கம் திரும்பினார். தாளைத் தானே வாங்கிப் படிக்க, அந்த அறையில் மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற நிலையில் அவர் இல்லை.

"அப்படியாம்மா எழுதியிருக்கு? நீ படிச்சியா?"

டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் காதுகள் மட்டும் பின்னால் நோக்கி நிற்பது போல ஊசிக்குத் தோன்றியது. இல்லைக்கா, இவரு உளறறாரு, எந்தப் பக்கம்னு அதுல இல்லவே இல்ல. நாக்கு நுனியில் வந்து நின்றது. அது முழு உண்மையும்கூட. தெருவே பயப்படுகிற நாக்கு. அக்காவின் முகத்தைப் பார்த்தாள். கை நீட்டி நிற்கிற பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

"ஆமாக்கா," என்றாள் ஊசி. "எழுதியிருக்கு."

அக்கா அப்படியே உட்கார்ந்தார். தேய்த்து அடுக்கிய யார் வீட்டுத் துணியோ அவருக்கு அடியில் கசங்கியது. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்.

"டேய்," என்றார், யாரும் இல்லாத பக்கம் திரும்பி. "உன் மேல தப்பு இல்லையாம்டா." அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஊசி எழுந்து அவர் தோளைத் தொட்டாள். அவர் தட்டிவிடவில்லை.

அழுது முடித்து நிமிர்ந்தபோது, டிரைவரைப் பார்க்கிற பார்வை மாறியிருந்தது. இத்தனை நாளும் அந்தப் பார்வையில் இவர் யாரோ ஒருவர். இப்போதுதான் முதல் முறையாக, ஓர் ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அவ்வளவு பெரிய ரோடு," என்றார். "அவ்வளவு பெரிய மனுஷன் முன்னாடி போறான். பாக்கலையா நீ?"

"பாக்கலக்கா."

"வெளிச்சம் இருந்தும் பாக்கல."

"ஆமாக்கா."

"போ."

டிரைவர் கைகூப்பினார். அக்கா அதைப் பார்க்கவில்லை. "கூட்டிட்டுப் போம்மா," என்றார் ஊசியிடம். "நீ நல்லாரு. அவர் இனிமே இங்க வர வேண்டாம்." கதவு வரைக்கும் வந்து, அவர்கள் படி இறங்கியதும் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

தெருவில் இறங்கி நடந்தார்கள். திட்டுவதற்கு ஊசியிடம் ஏகப்பட்டது இருந்தது. எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. பொய் சொன்னீங்களே என்பதா, என்னையும் சொல்ல வைத்தீர்களே என்பதா, ஒருத்தருடைய ஜென்மப் பகையைக் கேட்டு வாங்கி மடியில் கட்டிக்கொண்டீர்களே என்பதா?

"ஊசி."

"என்ன?"

"பசிக்குது."

அவள் நின்றுவிட்டாள். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து எத்தனை காலம் ஆயிற்று. தட்டை முன்னால் வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்க மாட்டார்.

முனையில் ஒரு டீக்கடை இருந்தது. வெளியே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ரொட்டியும் டீயும் வந்தன. டிரைவர் ரொட்டியைப் பிய்த்து டீயில் நனைத்துத் தின்றார். இன்னொன்று கேட்டு அதையும் தின்றார். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனாலும் மென்று, விழுங்கி, ஒழுங்காகச் சாப்பிட்டார். கடைக்காரர் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, காரமா என்று கேட்டார். ரொட்டியில் ஏது காரம்.

"நீ சாப்பிடலையா?"

"நீங்க சாப்பிடுங்க."

தன் பங்கு ரொட்டியை ஊசி கையிலேயே வைத்திருந்தாள். அன்றைக்கு ஒருவேளை வெயில் அடித்திருக்கலாம். அஞ்சு பங்கு வானம் வெறுமனே இருந்திருக்கிறது. இவர் கண் கூசியிருக்கலாம், அந்த மனுஷனுக்கும் கூசியிருக்கலாம், இரண்டு பேரும் ஒரே வெளிச்சத்துக்குள் ஒன்றும் தெரியாமல் போயிருக்கலாம். இனி அதை இவரிடம் சொல்ல முடியாது. அக்காவிடமும் சொல்ல முடியாது. ரொட்டியைக் கடித்தாள். அது தொண்டையிலேயே நின்றது. டீ ஊற்றிப் பார்த்தாள், இறங்கவில்லை. பக்கத்தில் அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் தலையைச் சாய்த்து, உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கத் தொடங்கியிருந்தார்.